கோணல் கோடு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் துணிப்படத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "டீச்சர், இது கம்ப்யூட்டர் மெஷின்ல போட்டதா? மெஷின் என்ன விலை?" படத்தை இங்கே போட்டபோதும் அதே கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத என் கை இடம் தருவதில்லை. இதைக்கூட ஃபோனில் வாயால் சொல்லித்தான் எழுத வைக்கிறேன். பிழைகளைப் பேத்தி திருத்துகிறாள்.

படத்தில் இருப்பது சிறுமலை. சின்னாளபட்டியில் எங்கள் மொட்டை மாடியில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிகிற மலை. அகலம் இரண்டடி, உயரம் ஒன்றரை அடி. மலைக்கு மூன்று விதப் பச்சைத் துணி. வானத்துக்கு வெளுத்துப்போன ஒரு பழைய வேட்டி. அடிவாரத் தோட்டங்களுக்கு எங்கள் ஊர் சுங்குடிச் சேலையின் துண்டுகள். சுங்குடியின் வெள்ளைப் புள்ளிகள் எட்ட நின்று பார்த்தால் பூத்த செடி மாதிரி இருக்கின்றன. மரம், புதர், பாறை எல்லாம் நூலால் வரைந்தது.

மெஷின், 1984-ல் வாங்கிய கறுப்பு உஷா கால் மெஷின். மோட்டார் கிடையாது, ஜிக்ஜாக் கிடையாது. நேர்த்தையல் போடும், லீவரைத் தூக்கினால் பின்னால் வரும், அவ்வளவுதான். நாற்பது வருஷமாகப் பாவாடை, தலையணை உறை, பள்ளி ஆண்டு விழாவுக்கு மயில் உடுப்பு, கட்டபொம்மன் உடுப்பு என்று தைத்த மெஷின்.

அதில் எப்படிப் படம் போடுவது என்று சொல்கிறேன். ஆனால் ஏன் போட ஆரம்பித்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு என் கையெழுத்து தெரியும். ஆசிரியர் பயிற்சியில் கரும்பலகையில் எழுதுவதற்கென்றே பழக்குவார்கள். கோடு போடாத பலகையில் கோடு போட்டது போல எழுதுவேன். பள்ளியில் அறிவிப்புப் பலகை, வாழ்த்து மடல், பிரிவு உபசாரப் பத்திரம் எல்லாம் என்னிடம்தான் வரும். அதில் எனக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

2016 மே மாதம் ஓய்வு பெற்றேன். இரண்டு மூன்று வருஷத்தில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளரைத் தூக்கும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது, பேனாவைத் தாளில் வைக்கும்போது நடுங்கும். சும்மா மடியில் வைத்திருந்தால் ஒன்றும் இருக்காது. யாரிடமும் சொல்லவில்லை. காபியை அரை டம்ளர் ஊற்றினால் போதும் என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன். கல்யாண வீட்டில் மொய் எழுதக் கூப்பிட்டால் கண்ணாடி கொண்டு வரவில்லை என்பேன்.

பேரனின் காதுகுத்துக்குப் பணம் எடுக்க ஒருநாள் வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை சீட்டைத் திருப்பித் தந்தது. "கையெழுத்து சேரலைம்மா." மறுபடி போட்டேன். சேரவில்லை. மூன்றாவது தடவையும் சேரவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நின்றது. அந்தப் பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னது: "பரவாயில்லம்மா, ரேகை வச்சுடுங்க." மை டப்பாவை என் பக்கம் நகர்த்தியது.

தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பள்ளி விட்ட பிறகு நெசவாளர் தெருவில் தெருவிளக்குக்குக் கீழே உட்கார்ந்து, ரேகை வைத்துக்கொண்டிருந்த பெண்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்தவள் நான். அந்த டப்பாவைப் பார்த்தேன். பணம் எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் மகனிடம் சொன்னேன். மதுரையில் நரம்பு மருத்துவரைப் பார்த்தோம். பார்க்கின்சன் என்று பயந்துபோயிருந்தேன். அவர் கோடு வரையச் சொன்னார், வட்டம் சுற்றச் சொன்னார், தண்ணீர் டம்ளரைப் பிடிக்கச் சொன்னார். பார்க்கின்சனில் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் நடுங்கும், உங்களுக்கு வேலை செய்யும்போது நடுங்குகிறது, இது வேறு, எசென்ஷியல் ட்ரெமர் என்று பெயர் என்றார். மாத்திரையில் குறையும், முழுதாகப் போகாது, பல குடும்பங்களில் வழிவழியாக வரும் என்றார். "உங்க வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சாம்மா?"

எங்கள் அப்பா கடைசிக் காலத்தில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். வயசாகிவிட்டது என்று நினைத்தோம். அப்பாவை அடுத்து இன்னொரு முகமும் அந்த அறையில் ஞாபகத்துக்கு வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கைத்தையலை விட்டுவிட்டேன். பயிற்சிக் காலத்தில் கைத்தொழில் பாடத்தில் படித்த சங்கிலித்தையலும் காம்புத்தையலும் எனக்கு ஓய்வு நேரத் துணையாக இருந்தவை. இப்போது ஊசி எங்கே இறங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேனோ அங்கே இறங்குவதில்லை.

எங்கள் தெருவில் ரவிக்கை தைக்கிற ஒரு பெண் இருக்கிறாள். துணி கொடுக்கப் போனபோது, மெஷினில் துணியை அழுத்தும் காலைக் கழற்றிவிட்டு, வளையத்தில் மாட்டிய துணியை இரண்டு கையாலும் சுற்றிச் சுற்றி ரோஜாப்பூ போட்டுக்கொண்டிருந்தாள். ஊசி ஒரே இடத்தில் ஏறி இறங்கியது. துணிதான் நகர்ந்தது. ஆரி வேலை வருவதற்கு முன்னால் தையல் வகுப்புகளில் மெஷின் எம்ப்ராய்டரி என்று இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் பார்த்திருக்கிறேன், உட்கார்ந்து கவனித்ததில்லை.

"ஊசி நகராதாம்மா?" என்று கேட்டேன்.

"அது எங்க போகும் டீச்சர்? துணியத்தான் நாம கொண்டுபோகணும்."

அன்று இரவு அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊசியை என் கை பிடிக்க வேண்டாம். அது நடுங்காது. மறுநாள் மெஷின் மேல் அடுக்கியிருந்த பழைய புத்தகங்களை இறக்கி வைத்தேன். எண்ணெய் விட்டேன். வார் இற்றுப்போயிருந்தது, புதிது மாற்றினேன்.

இனி, கேட்டவர்களுக்கு, செய்முறை.

முதலில் அழுத்தும் காலைக் கழற்றிவிடுங்கள். தையல் நீளம் வைக்கும் லீவரை நடுவில், பூஜ்யத்தில் வையுங்கள். கீழே இருக்கும் பற்கள் துணியைத் தள்ளுவதை நிறுத்திவிடும். சில மெஷின்களில் பற்களை இறக்கிவிட ஒரு திருகு இருக்கும். அதுவும் இல்லையென்றால் பற்களை மூட ஒரு தகடு கடையில் கிடைக்கும்.

துணிக்கு நன்றாகக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுங்கள். அடியில் இன்னொரு பருத்தித் துணி கொடுத்தால் சுருங்காது. வளையத்தில் மாட்டும்போது, கையால் பூ வேலை செய்ய மாட்டுவதற்குத் தலைகீழாக மாட்ட வேண்டும். துணி மெஷின் மேடையில் ஒட்டிப் படிய வேண்டும். தட்டினால் உடுக்கை மாதிரிச் சத்தம் வரட்டும்.

அடுத்ததுதான் எல்லோரும் தவறும் இடம். நான் மூன்று நாள் தவறினேன். அழுத்தும் கால் இல்லையே என்று அதன் நெம்புகோலைத் தூக்கிய நிலையிலேயே விட்டுவிடுவோம். அதை இறக்கினால்தான் மேல்நூலுக்கு இறுக்கம் கிடைக்கும். இறக்காமல் தைத்தால் துணிக்கு அடியில் குருவிக்கூடு கட்டிவிடும். நான் மெஷினைத் திட்டினேன், நூலைத் திட்டினேன், நூல் விற்ற கடைக்காரரையும் திட்டினேன். தையல்காரப் பெண் வந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் நெம்புகோலை இறக்கிவிட்டுப் போனாள்.

பாபின் நூலை ஒரு சுற்றில் மேலே இழுத்து, இரண்டு நூல்களையும் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். கால் சீராக மிதிக்க வேண்டும், கை நிதானமாக நகர வேண்டும். கை அவசரப்பட்டால் ஊசி வளைந்து ஒடியும். சக்கரம் பின்னால் சுற்றினால் நூல் அறும். அழுத்தும் கால் இல்லாததால் விரலுக்குக் காவல் கிடையாது. கைகள் எப்போதும் வளையத்தின் விளிம்பில்தான் இருக்க வேண்டும், உள்ளே போகவே கூடாது. குழந்தைகள் பக்கத்தில் நிற்கும்போது தைக்காதீர்கள்.

தடித்த நூலில் கோடு வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. ஊசிக்காதில் நுழையாத எம்ப்ராய்டரி நூலைக் கையாலேயே பாபினில் சுற்றி, பாபின் கேஸின் சின்னத் திருகைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். துணியைக் குப்புற மாட்டிப் பின்பக்கத்தில் தையுங்கள். முன்பக்கம் எப்படி விழுந்திருக்கிறது என்பது திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். படத்தின் முன்னால் இருக்கும் வாழை இலைகளின் நரம்பு அப்படிப் போட்டதுதான்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை, புதிதும் இல்லை. போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிங்கர் கம்பெனி, வீட்டில் இருக்கும் சாதாரணக் கால் மெஷினில் பூவேலையும் லேஸும் போடுவது எப்படி என்று புத்தகமே வெளியிட்டது. வெளிநாட்டில் இன்று இதை ஃப்ரீ மோஷன் என்கிறார்கள். துணிமேல் துணி வைத்துத் தைப்பதில் நம் பக்கமும் சளைத்ததில்லை. கும்பகோணம், திருவாரூர்ப் பக்கம் தேரில் உருளை உருளையாகத் தொங்குகிற தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். யாளியும் அன்னமும் வெட்டி ஒட்டித் தைத்தவைதான் அவை.

மலையடிவாரத்தில் காவி நிறத்தில் ஒரு சின்னத் துண்டு தைத்திருக்கிறேன். பலரும் அது என்ன என்று கேட்டார்கள். அது காந்திகிராமம். 1947-ல் டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது. இந்த ராமச்சந்திரன் சாந்திநிகேதனில் மாணவராக இருந்தபோது, 1924-ல் டெல்லியில் காந்தியைச் சந்தித்து, எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். அப்போது காந்தி விலக்கு அளித்த ஒன்று சிங்கர் தையல் மெஷின். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலித்துப்போவதைப் பார்த்து, அந்தப் பாட்டைக் குறைக்க வேண்டும் என்ற அன்பில் பிறந்தது அது என்பது அவர் சொன்ன காரணம். வகுப்பில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். என் கைக்கே அது உதவும் என்று அப்போது தெரியாது.

இப்போது நடுக்கத்துக்கு வருகிறேன். மெஷினில் உட்கார்ந்தால் நடுக்கம் மாயமாகிவிடும் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கையும் வளையத்தைப் பிடித்து மேடையில் அழுத்தியிருப்பதால் பாதி அடங்குகிறது. மீதிப் பாதி நூலில் இறங்குகிறது.

மலையின் மேல்விளிம்பை வழவழவென்று ஒரே கோடாக இழுக்க நினைத்தேன். சின்னச் சின்ன மேடும் பள்ளமுமாக விழுந்தது. பிரிப்பதற்குக் கத்திரியை எடுத்துவிட்டேன். வெளிச்சத்துக்காகத் துணியை மாடிக்கு எடுத்துப் போனேன். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, வெயில் மலைக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. மலையின் விளிம்பு கறுப்பாகத் தெரிந்தது. அதில் வழவழப்பு எங்குமே இல்லை. மரத்தலைகள், பாறை, இடைவெளி, மறுபடி மரத்தலைகள். ஐம்பது வருஷமாகப் பார்க்கிற மலை. கத்திரியைக் கீழே வைத்துவிட்டேன்.

மரப்பட்டை, புதர், காய்ந்த புல் எல்லாமே எனக்கு இப்படி எளிதாக வந்தன. அதே சமயம், அடிவாரத்தில் ஒரு மின்கம்பம் வைக்க ஆசைப்பட்டு மூன்று தடவை தைத்து மூன்று தடவை பிரித்தேன். கடைசியில் அழுத்தும் காலை மறுபடி மாட்டி, சாதாரணமாகச் சட்டை தைப்பது மாதிரி நேர்த்தையல் போட்டேன். நேராக இருக்க வேண்டியதற்கு அதற்கான வழி தனியாக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் செய்ய முடியாது.

அளவுகோல் என்றதும், சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1994. நான்காம் வகுப்பு. நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். மனக்கணக்கில் புலி. நான் சொல்லி முடிப்பதற்குள் விடை சொல்வான். நோட்டில் மட்டும் எழுத்து எழுத்தாக நிற்காது. எழுத்து ஓர் இடத்தில் இருக்கும், அதன் கொம்பு வேறு இடத்தில் இருக்கும். பென்சிலை அழுத்திப் பிடித்துத் தாளைக் கிழிப்பான். கவனமில்லை, சோம்பல் என்று முடிவு செய்தேன். ஒரு பக்கத்தைப் பத்துத் தடவை எழுதச் சொன்னேன். பத்தாவது பக்கம் முதல் பக்கத்தைவிட மோசமாக இருக்கும். மர ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் அடித்திருக்கிறேன். ஒரு நாள் இல்லை, பல நாள். நோட்டைத் தூக்கிக் காட்டி, "கோழி கிளறுன மாதிரி இருக்கு" என்று வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறேன். நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று முழுதாக நம்பினேன்.

டாக்டர் கேட்டபோது ஞாபகத்துக்கு வந்த முகம் அவனுடையது. அவன் கையை நான் ஒருநாளும் கவனித்துப் பார்த்ததில்லை. எழுத்தை மட்டும்தான் பார்த்தேன்.

படம் முடிந்த பிறகு, தைரியம் வரவழைத்துக்கொண்டு அவன் அம்மாவைத் தேடிப் போனேன். அதே தெரு, அதே வீடு. தறி இருந்த குழி மூடியிருந்தது. உட்காரச் சொல்லிவிட்டு அவர் சொன்னார்: "அவங்க அப்பாவுக்கும் அப்படித்தான் டீச்சரம்மா. கை ஆடும். தறியில உக்காந்தா ஒண்ணும் தெரியாது. சோத்தக் கையில எடுத்தாத்தான் தெரியும்." அவனுக்கு இருந்தது என் வியாதிதானா என்று சொல்ல நான் யார்? ஆனால் அவன் சோம்பேறி இல்லை. அது எனக்குத் தெரிந்துபோயிற்று.

அவன் திருப்பூரில் இருக்கிறான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் போனவன், இன்று ஒரு பனியன் கம்பெனியில் சரக்குக் கணக்கு முழுவதையும் பார்க்கிறான். அம்மா ஃபோன் போட்டுக் கொடுத்தார். என்ன பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். பாதி வரவில்லை. "உன்னை அடிச்சது தப்புப்பா. உன் கையை நான் பாக்கல" என்றேன்.

"அய்யோ, என்ன டீச்சர்! அதெல்லாம் ஞாபகமே இல்ல. நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றான். உடம்பு, பிள்ளைகள், மழை என்று பேசினோம். வைப்பதற்கு முன்னால் சொன்னான்:

"எல்லாம் ஃபோன்லயும் கம்ப்யூட்டர்லயும்தான் டீச்சர் பாக்குறேன். யாராவது பேனாவக் குடுத்து ஒரு கையெழுத்துப் போடுங்கன்னாத்தான் இப்பவும் கை வேர்க்கும்."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கும் வங்கியில் அப்படித்தான் வேர்த்தது. எனக்கு அது அறுபது வயதுக்கு மேல் வந்தது. அவனுக்கு ஒன்பது வயதில் வந்தது, கொடுத்தவள் நான். மன்னிப்புக் கேட்டதால் அது தீர்ந்துவிட்டது என்று நினைக்கவில்லை.

இப்போது பணியில் இருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் வகுப்பிலும் ஒரு கோழி கிளறிய நோட்டு இருக்கும். திருத்துவதற்கு முன்னால் ஒருநாள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அது எழுதும்போது கையைப் பாருங்கள். தண்ணீர் குடிக்கும்போது பாருங்கள். பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வாயால் விடை சொல்லத் தெரிந்தால் அதற்கும் மதிப்பெண் உண்டு என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியட்டும். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று சொல்லமாட்டேன். நான்தான் பார்க்கவில்லை.

போன மாதம் வங்கிக்குப் போய்ப் புது மாதிரிக் கையெழுத்து கொடுத்துவிட்டு வந்தேன். நடுங்கிய கையெழுத்துதான். மூன்று இடத்தில் போட்டேன். மூன்றும் ஒரே மாதிரி நடுங்கியிருந்தன. மேலாளர் பார்த்துவிட்டு, "இது போதும்மா" என்றார். சிறுமலைப் படத்தின் வலது மூலையிலும் அதே கையெழுத்துதான், காவி நூலில்.

உங்கள் வீட்டில் அம்மாவின், மாமியாரின் கறுப்பு மெஷின் பரணிலோ மூலையிலோ கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் விட்டு, வார் மாற்றி, ஒரு கிழிந்த வேட்டித் துண்டில் முயற்சி செய்து பாருங்கள். முதல் பத்து நாள் ஊசி ஒடியும். நெம்புகோலை இறக்க மறக்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள். வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்கிறேன்.